ஆக்டிவ் ஸ்பீக்கரில் பாட்டு அறுந்து அறுந்து வந்தால்

கும்பகோணத்தில் என் சின்ன அறைக்கு, ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கினேன். லேப்டாப்பிலிருந்து புளூடூத்தில் நாகசுரம் போட்டால், நீண்ட கார்வை நடுவிலேயே அறுந்தது. இணைப்பை அழித்து மறுபடி சேர்த்தேன், ஸ்பீக்கரை இடம் மாற்றினேன், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: லேப்டாப்பின் வேகமான யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகிய ஹார்டு டிஸ்கின் விளக்கு மினுக்கும்போது மட்டும் பாட்டு அறுகிறது. யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் ரேடியோ இரைச்சல் கசியும். புளூடூத் ஓடுவதும் அதே பட்டையில்தான். டிஸ்கை யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினேன். அப்பாடா, சரியாகிவிட்டது. காப்பி ஆகும் வேகம் குறையும், பரவாயில்லை.

ஸ்பீக்கர் வாங்கும்போது ஆக்ஸ் வசதியும் (ஒயர் செருகும் துளை) இருக்கிறதா பாருங்கள். ஒயரில் கேட்டுப் பார்த்தால், கோளாறு ஸ்பீக்கரிலா புளூடூத்திலா என்று உடனே தெரிந்துவிடும்.