கசவுப் புடவையா? முதலில் கரையைப் பாருங்கள்

ஓணத்துக்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தங்கச் சரிகைக் கரை போட்ட கேரளத்துக் கசவுப் புடவை எடுக்கப் போகிறீர்களா? கரையின் அகலத்தைக் கவனியுங்கள். சந்தன வெள்ளையின் கீழே பளிச்சென்று ஓடும் அகலக் கரை ஒரு கிடைக்கோடு. கண் அங்கேயே நின்றுவிடும், உயரம் குறைவாகத் தெரியும். குள்ளமானவர்களுக்கு இரண்டு விரல் அகலம் போதும். கடையில் விரித்துக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொசுவம் மடித்து இடுப்பில் வைத்து, கண்ணாடியிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள்.

இல்லை, அகலக் கரைதான் ஆசை என்றால் சரி, ரவிக்கையைப் புடவை நிறத்திலேயே தையுங்கள். உயரத்தை வெட்டும் இன்னொரு கோடு இடுப்பில் விழாது.

அப்புறம் நகை. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையில் சிவப்புக் கல் பதக்கம் ஒன்று போதும். ஒட்டியாணம், ஜிமிக்கி என்று எல்லாம் சேர்ந்தால் எதைப் பார்ப்பதென்றே தெரியாது. அந்தக் கல்லின் சிவப்பையே ரவிக்கையின் கையோரத்தில் மெல்லிய பைப்பிங்காக வைக்கச் சொல்லுங்கள்.