சிறுவாணித் தண்ணிக்கு ஆர்.ஓ. எதற்கு? ஃபில்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூர்ப் பக்கம் வீடுகளுக்கு ஃபில்டர் மாட்டுவதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் என் வேலை. புதுவீடு கட்டிக் குடிவருகிறவர்கள் அதே தெருவில் முன்பு வந்தவர்கள் ஏமாந்த இடத்திலேயே ஏமாறுகிறார்கள். கேண்டிலைக் கழுவுவது, குழாயைத் துடைப்பது எல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

கம்பி டெமோவை நம்பி ஆர்.ஓ. வாங்குவது

பேரூர்ப் பக்கம் ஒரு வீடு. வருவது சிறுவாணி அணைத் தண்ணீர். உள்ளே நுழையும்போதே அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்: "ஏனுங் தம்பி, நாங்க குடிக்கற தண்ணி செம்மண்ணாட்டம் ஆயிப்போச்சுங்க, கண்ணாலயே பாத்தனுங்க. இதையத்தான் இத்தனை நாளாப் புள்ளைகளுக்குக் குடுத்தமா?"

விற்க வந்தவர் இரண்டு டம்ளர் வைத்திருக்கிறார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக அழுத்திக் கரைந்த உப்பை எடுத்துவிட்ட தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கிக் கரண்ட் கொடுத்தால், குழாய்த் தண்ணீர் பழுப்பாகித் திரிதிரியாக அழுக்கு மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். பார்த்த யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. ஒவ்வொரு டம்ளரிலும் இறங்குவதில் ஒன்று இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்புகள் இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரையும், துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரண்ட் சரியாகப் பாய்வதில்லை. யாராவது அந்தக் கம்பியோடு வந்தால், ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தி விற்கிற இந்த வேலையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சரி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர்? இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. அந்த வீட்டில் வைத்துப் பார்த்தேன், நூறைக்கூடத் தொடவில்லை. ஏற்கெனவே உப்புக் குறைந்த தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க ஆயிரக்கணக்கில் செலவு, அப்புறம் அந்தச் சவ்வை (மெம்ப்ரேன்) மாற்றும் செலவு. ஒரு லிட்டர் பிடிக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். கோடையில் அணை இறங்கி, தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று குடத்தோடு காத்திருக்கிற ஊர் இது. 500-க்குக் கீழே டிடிஎஸ் இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது.

டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. நம் நல்ல தண்ணியில் பயப்பட வேண்டியது அதற்குத்தான், முக்கியமாகக் குழாய் உடைப்பிலும் கழுவாத தொட்டியிலும் சேர்வதற்கு. புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. அல்லது சவ்வில் கிருமியை வடிகட்டும் யு.எஃப். ஃபில்டர் போதும். அதுவும் வேண்டாம் என்றால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள்.

ஆர்.ஓ.வே கூடாது என்று சொல்வது

இதுவும் தவறு. திருப்பூருக்குக் கீழே நொய்யலோரம், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கமெல்லாம், சாயத்தண்ணி இறங்கிக் கிணறு கெட்ட கதை ஊரறிந்தது. அங்கே போர் தண்ணியைக் குடித்தாக வேண்டுமென்றால் ஆர்.ஓ. தேவைப்படும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலும் அப்படித்தான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துவிட்டு அப்புறம் மெஷின் விலையை விசாரியுங்கள்.

போர் தண்ணியையும் நல்ல தண்ணியையும் ஒரே சம்ப்பில் விடுவது

நல்ல தண்ணி வந்த அன்று மீட்டர் ஒன்று காட்டும், நாலு நாள் கழித்து வேறொன்று காட்டும். எதை நம்பி மெஷின் வாங்குவீர்கள்? குடிக்கிற தண்ணிக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய் வையுங்கள்.

உப்புத் தண்ணியைக் காய்ச்சுவது

கிருமி சாகும். உப்பு போகாது, வற்ற வற்றக் கூடும்.

கலங்கல் தண்ணியை நேராக யு.வி.யில் விடுவது

கலங்கலில் ஒளி ஊடுருவாது. முன்னால் மண், தூசியை வடிக்கும் ஒரு செடிமென்ட் ஃபில்டர் வேண்டும்.

வடிகட்டிய தண்ணியை நாள்கணக்கில் வைப்பது

ஃபில்டரில் இருக்கும் கார்பன் குளோரினையும் எடுத்துவிடும். பிடித்துவைத்த குடத்தில் கிருமி விழுந்தால் கொல்ல எதுவும் மிச்சமில்லை. அன்றாடம் பிடியுங்கள், குடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடியுங்கள். கையை உள்ளே விட்டு மொள்ள வேண்டாம், குழாய் வைத்த பாத்திரமே நல்லது.