லைட் ஏற்றினால் மட்டும் விழுந்த ஆர்சிசிபி

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் மழையில் புதுச்சேரியில் எங்கள் மேடைக்கடியில் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு லைட் போட்டபோதுதான் தொல்லை. மங்கலாக எரியும்வரை ஒன்றுமில்லை. முழு வெளிச்சத்துக்கு ஏற்றினால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும்.

புது ஆர்சிசிபி போட்டும் அதே கதை. விளக்குகளைத் தனித்தனியாகச் சோதித்தால் எல்லாம் சரி. மேடைத் தரை சாக்கெட்டுகளுக்குப் போகும் லைன்களின் எம்சிபியை (லைனுக்கு லைன் இருக்கும் சுவிட்ச்) இறக்கிவைத்தும் விழுந்ததுதான் குழப்பியது.

சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல், எல்லா லைன்களின் நியூட்ரலும் சேரும் உலோகப் பட்டையான பஸ்பாரில் சேர்ந்தேதான் இருக்கும். அணைத்த லைனில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், மற்ற விளக்குகளின் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியே போய்விடும். லோடு ஏற ஏறக் கசிவும் ஏறும்.

மெயினை அணைத்தோம். டிம்மர்களைக் கழற்றினோம், இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் பட்டால் அவை போய்விடும். நியூட்ரல்களை பஸ்பாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எர்த்துடன் அளந்ததில், ஒன்றின் தடை மட்டும் கிட்டத்தட்ட சுழி.

அது மேடை முன்விளிம்புத் தரைப்பெட்டி சாக்கெட்டின் லைன். முகப்பு காய்ந்திருந்தது, பின்னால் நியூட்ரல் திருகுக்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையே உப்புச்சேறு. ஹேர் டிரையரில் காயவைத்தாலும் மாலைக் கடற்காற்றில் மறுபடி ஈரம் இழுக்கும். சாக்கெட்டையே மாற்றினோம்.

கேபிளையும் விடக்கூடாது. உறையை உரித்தால் செப்பு இழைகள் கறுத்திருந்தன. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிவிட்டு, புதுப் பெட்டியைப் பக்கச்சுவரில் உயர்த்தி மாட்டினோம்.