தலைவர்களுக்கு மதிப்பெண் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007-இல் போர்ச்சுகல் அரசுத் தொலைக்காட்சி, நாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய போர்ச்சுகீசியர் யார் என்று நேயர்களிடம் கேட்டது. முதலிடம் பிடித்தவர் அன்டோனியோ சலாசார். 1932 முதல் 1968 வரை பிரதமராக இருந்து, ரகசியப் போலீசையும் தணிக்கையையும் வைத்துக்கொண்டு ஆண்ட சர்வாதிகாரி. விழுந்த வாக்குகளில் 41 சதவீதம் அவருக்கு. இரண்டாமிடம் அல்வாரோ குன்யாலுக்கு. சலாசாரின் ஆட்சி ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் அவர். மூன்றாமிடம் அரிஸ்டிடெஸ் டி சௌசா மென்டிஸ். 1940-இல் சலாசாரின் உத்தரவை மீறி, நாஜிப் படைகளிடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு விசா கொடுத்து, அதனாலேயே பதவியையும் பிழைப்பையும் இழந்த தூதரக அதிகாரி.

சிறை வைத்தவர், சிறைப்பட்டவர், உத்தரவை மீறியவர். ஒரு நாடு தன் கடந்த காலத்தோடு இன்னும் சண்டையை முடிக்கவில்லை என்பதை இந்த மூன்று பெயர்களும் சேர்ந்து சொல்கின்றன. முதலிடத்தை மட்டும் எடுத்துச் சொன்னால் இதில் எதுவும் தெரியாது. தலைவர்களின் தரவரிசைகள் பெரும்பாலும் நம்மிடம் அப்படித்தான் வந்து சேர்கின்றன. கேட்ட கேள்வி வழியிலேயே கழன்று விழுந்துவிடுகிறது, எண் மட்டும் மிஞ்சுகிறது.

பொழுதுபோக்குப் பட்டியல்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பாடப்புத்தகத்தில் யாருக்கு எத்தனை பக்கம், எந்தச் சிலை நிற்கும், யார் பட்ட துன்பம் கணக்கில் வரும் என்பதெல்லாம் இந்த வாதங்களின் போக்கில்தான் முடிவாகிறது. அதனால் வாதிடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்களைச் சொல்லிவைப்பது நல்லது.

யாரிடம் கேட்டார்கள் என்று பார்க்காமல் விடுவது

போர்ச்சுகல் வாக்கெடுப்பில் தொலைபேசியை எடுத்து அழைத்தவர்கள்தான் வாக்காளர்கள். யாருக்கு ஆத்திரமோ பக்தியோ அதிகமோ அவர்தான் அழைப்பார். ஆக, அந்த 41 சதவீதம் என்பது அழைத்தவர்களில் 41 சதவீதம். மக்கள்தொகையில் அல்ல. நாடெங்கும் மாதிரி எடுத்துச் செய்யும் கருத்துக்கணிப்பு வேறு, வரலாற்றாசிரியர்களிடம் மட்டும் கேட்பது வேறு, நேயர் வாக்கு வேறு. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் இந்த வாதங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பிரிட்டனில் 2002-இல் பிபிசி நடத்திய நேயர் வாக்கெடுப்பில் சர்ச்சிலுக்கு முதலிடம். 2004-இல் லீட்ஸ் பல்கலைக்கழகம் ஆய்வாளர்களிடம் 20-ஆம் நூற்றாண்டுப் பிரதமர்களைப் பற்றிக் கேட்டபோது கிளமென்ட் அட்லீக்கு முதலிடம், சர்ச்சிலுக்கு இரண்டாமிடம். இதில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை. ஒன்றில் மாபெரும் பிரிட்டானியர் யார் என்று கேட்டார்கள், மற்றதில் வெற்றிகரமான பிரதமர் யார் என்று கேட்டார்கள். சொல்லப்போனால், இந்த வேறுபாட்டை 1945 ஜூலையிலேயே பிரிட்டிஷ் வாக்காளர்கள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். போரை வென்று கொடுத்த சர்ச்சிலைக் கொண்டாடிக்கொண்டே, போருக்குப் பிந்தைய நாட்டைக் கட்ட அட்லீயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டினால் விடை இன்னும் மாறும். அதே பிபிசி பட்டியலில், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் 10-ஆவது. 1649-இல் ட்ரோகெடாவில் அவர் படை நடத்திய படுகொலையை மறக்காத அயர்லாந்தில் அவர் பெயர் இன்றும் வசைதான். சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்கு 1990-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 1996-இல் ரஷ்ய அதிபர் தேர்தலில் நின்றபோது ஒரு சதவீத வாக்குகூட விழவில்லை. மேற்கே பனிப்போரை முடித்தவராகத் தெரிந்தவர், ரஷ்யர்களுக்குச் சேமிப்பும் வேலையும் கரைந்துபோன ஆண்டுகளின் முகமாகத் தெரிந்தார். இரண்டு பார்வையும் அனுபவத்திலிருந்து வந்தவை. ஒன்றை அறியாமை என்று தள்ளிவிட்டால் பாதி வரலாறு போய்விடும்.

கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்குவது

அமெரிக்காவில் சி-ஸ்பான் தொலைக்காட்சி 2000 முதல் அவ்வப்போது நடத்தும் கணிப்பில், வரலாற்றாசிரியர்கள் ஒவ்வொரு அதிபருக்கும் பத்துத் தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள். நெருக்கடியில் தலைமை, பொருளாதார நிர்வாகம், வெளியுறவு, நாடாளுமன்றத்தோடு உறவு, அனைவருக்கும் சம நீதி என்று போகிறது அந்தப் பட்டியல். பத்துக்கும் ஒரே எடை. நேர்மையான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் நிர்வாகத் திறமைக்கும் சம நீதிக்கும் ஒரே எடை கொடுப்பதே ஒரு தீர்ப்புதான்.

1960-களில் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2021 வரை நடந்த நான்கு கணிப்புகளிலும் அவர் இடம் 10 அல்லது 11. நாடாளுமன்றத்தைக் கையாண்டதிலும் சம நீதியிலும் அவர் முதல் வரிசையில் இருக்கிறார். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964-இன் குடிமை உரிமைச் சட்டம், 1965-இன் வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. வெளியுறவில் கடைசி வரிசை. வியட்நாம் போரை அந்த அளவுக்குப் பெரிதாக்கியவர் அவர். அந்தப் போரில் அமெரிக்கர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல் இறந்தார்கள், வியட்நாமியர்கள் பல லட்சம். இரண்டையும் கூட்டி வகுத்தால் ‘பத்தாவது’ என்று வருகிறது. வாக்குரிமை பெற்ற அலபாமா கறுப்பின மூதாட்டிக்கும் அந்த எண் பொருந்தாது, குண்டு விழுந்த வியட்நாம் கிராமத்துக்கும் பொருந்தாது.

இதன் மோசமான வடிவம் சதவீதக் கணக்கு. ஸ்டாலின் செய்ததில் ஏழு பங்கு சரி, மூன்று பங்கு தவறு என்று 1956-இல் மாவோ சொன்னார். பிறகு மாவோவுக்கும் அதே கணக்கு சீனாவில் பரவலாகப் புழங்கியது. 1981-இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி நிறைவேற்றிய தீர்மானமும் அவர் சாதனைகள் முதன்மை, தவறுகள் இரண்டாம் பட்சம் என்றுதான் முடித்தது. அந்தத் தீர்மானத்தின் அரசியல் தேவை புரிகிறது. மாவோவை முழுக்க மறுத்தால் கட்சி தன் அடித்தளத்தையே மறுக்க வேண்டியிருக்கும். ஆனால் மாவோவின் கொள்கைகள் கொண்டுவந்த 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் இறந்தவர்கள் கோடிக்கணக்கில். அவர்களை ‘30 சதவீதம்’ என்ற பொட்டலத்துக்குள் கட்டிவைப்பது கணக்கே இல்லை. நன்மையையும் தீமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழுசாகச் சொல்லலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கக் கூடாது.

‘அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்’

மிகவும் நியாயமாகத் தோன்றும் வாதம் இது. அதனால்தான் இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போர்க்கால அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், 1948-இல் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் நடத்திய அதிபர்கள் பற்றிய முதல் பெரிய கணிப்பில் நான்காமிடத்தில் இருந்தார். 2021-இல் சி-ஸ்பான் கணிப்பில் 13-க்கு இறங்கிவிட்டார். முக்கியக் காரணம், அவர் ஆட்சியில் 1913 முதல் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து வைத்தது. இதைச் சொன்னால் உடனே வரும் பதில், இன்றைய அளவுகோலை அன்றைய மனிதர்மேல் வைக்கக் கூடாது என்பது. சரி, அன்றைய அளவுகோலையே எடுப்போம். 1914 நவம்பரில் பாஸ்டனின் கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் மன்ரோ ட்ராட்டர் வெள்ளை மாளிகைக்கே போய், வில்சனின் முகத்துக்கு நேரே இந்தப் பிரிவினையைக் கண்டித்து வாதாடினார். பிரிவினை அவமானம் இல்லை, உங்களுக்கு நன்மைதான் என்ற ரீதியில் வில்சன் பதில் சொன்னார். ட்ராட்டர் விடாமல் மறுத்துப் பேசினார். அவர் பேசும் தொனி பிடிக்கவில்லை என்று வில்சன் சந்திப்பை முறித்துக்கொண்டார். ட்ராட்டரும் அந்தக் காலத்து மனிதர்தானே? ‘அந்தக் காலம்’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் அந்தக் காலத்தில் அதிகாரத்தில் இருந்தவர்களின் கருத்தை மட்டுமே சொல்கிறோம். பாதிக்கப்பட்டவர்கள் அன்றே பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை எப்படிச் சரியாகச் செய்வது என்பதற்கு நான் அறிந்ததில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1876-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவுச் சின்னத்தைத் திறந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் சேர்த்த பணத்தில் எழுந்த சிலை அது. பேசியவர் பிரெடெரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். துதி பாடுவதற்கு அதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது. ஆனால் அவர், லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் அதிபராகத்தான் இருந்தார் என்று அந்த மேடையிலேயே சொன்னார். அடிமை ஒழிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் லிங்கன் மெத்தனமாகவும் அக்கறையற்றவராகவும் தெரிவார், அவர் கலந்து ஆலோசிக்க வேண்டியிருந்த நாட்டு மக்களின் மனநிலையை வைத்துப் பார்த்தால் வேகமும் உறுதியும் கொண்டவராகத் தெரிவார் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அளந்தார். லிங்கன் இறந்து 11 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 150 ஆண்டு கழித்து நாம் போடும் சண்டைகளில் பலவற்றுக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

காலம் தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருப்பது

1972-இல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கேட்டபோது ‘இப்போதே சொல்ல முடியாது’ என்று சீனப் பிரதமர் சூ என்லாய் பதிலளித்ததாக ஒரு கதை உண்டு. வரலாற்றுக்கு நூற்றாண்டுகள் தேவை என்பதற்குச் சான்றாகப் பலரும் இதை எடுத்துக்காட்டுவார்கள். அவர் 1968-இன் பாரிஸ் கிளர்ச்சியைப் பற்றித்தான் பேசினார் என்று அங்கே உடனிருந்த அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் பிறகு விளக்கிவிட்டார். நடந்து நான்கு ஆண்டுகூட ஆகாத நிகழ்ச்சிக்கு அந்தப் பதில் இயல்பானது.

காலம் தானாக எதையும் சொல்வதில்லை. ஆவணங்கள் திறக்கின்றன, புதிய ஆட்கள் புதிய கேள்விகளோடு வருகிறார்கள், அப்போதுதான் மதிப்பீடு நகர்கிறது. அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பதவிக்காலம் முடிந்த அடுத்த ஆண்டே, 1962-இல், வரலாற்றாசிரியர்கள் அவரைப் பாதிக்கும் கீழே தள்ளினார்கள். கோல்ஃப் ஆடிக்கொண்டு காலத்தைக் கழித்தவர் என்ற பிம்பம் அப்போது வலுவாக இருந்தது. 1970-களில் அவருடைய தாள்கள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தபோது, திரைக்குப் பின்னால் அவர் எவ்வளவு நுணுக்கமாக முடிவெடுத்தார் என்பது தெரிய வந்தது. 1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படைகள் சிக்கியபோது அமெரிக்காவை அந்தப் போருக்குள் இறக்காமல் தவிர்த்தது போன்றவை மதிப்புப் பெற்றன. நடந்த போருக்கு நினைவுச் சின்னம் உண்டு, நடக்காமல் தடுத்த போருக்கு ஆவணம் மட்டும்தான் சாட்சி. 2021-இல் அவர் ஐந்தாமிடத்தில் இருந்தார்.

உள்நாட்டுப் போருக்குப் பின் அதிபரான யுலிசஸ் கிராண்டின் கதை இதைவிடக் கசப்பானது. 1948-இல் 29 பேரில் 28-ஆவது. 2000-இல் 33-ஆவது, 2021-இல் 20-ஆவது. 1871-இல் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்து நடைமுறைப்படுத்திய அதிபர் அவர். அவர் ஆட்சியில் ஊழல்கள் இருந்தது உண்மை. ஆனால் அவரைப் படுகுழியில் தள்ளியது ஊழல் மட்டும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கைச் சுற்றி உருவான வரலாற்றாசிரியர் கூட்டம், கறுப்பினத்தவர் வாக்குரிமை பெற்ற அந்தக் காலகட்டத்தையே பெருந்தவறாக எழுதி வைத்தது. 1935-இலேயே கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் விரிவான நூல் எழுதி அதை மறுத்தார். துறை அவரைப் பொருட்படுத்தவில்லை. கறுப்பினத்தவரின் குடிமை உரிமை இயக்கம் எழுந்த பிறகுதான் அந்த வாதங்களுக்குக் காது கிடைத்தது. சான்று இருந்தது, கேட்க ஆள் இல்லை. ‘வரலாறு பார்த்துக்கொள்ளும்’ என்று சும்மா இருந்திருந்தால் கிராண்ட் இன்னும் அதே இடத்தில்தான் இருந்திருப்பார்.

எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதுவது

ஜிம்மி கார்ட்டர் 1979-இல் பால் வோல்க்கரை மத்திய வங்கித் தலைவராக நியமித்தார். விலைவாசியை அடக்க வோல்க்கர் வட்டியைக் கடுமையாக ஏற்றினார். அந்த வலியும் சேர்ந்து 1980-இல் கார்ட்டரைத் தோற்கடித்தது. அந்த ஆண்டு 13 சதவீதத்துக்கு மேல் இருந்த பணவீக்கம் 1983-இல் சுமார் 3 சதவீதமாக இறங்கியது, பெயர் அடுத்து வந்த ரீகனுக்குப் போனது. ரீகனுக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் பிழை. வேலையின்மை ஏறிய காலத்திலும் அவர் வோல்க்கரைக் கைவிடவில்லை. பிரிட்டனில் அட்லீ ஆட்சியில் வந்த தேசிய மருத்துவ சேவைக்குப் பின்னாலும் இதே நிலைதான். 1942-இல் போர்க்காலக் கூட்டணி ஆட்சியில் சமூகப் பாதுகாப்பைப் பற்றி வெளியான பெவரிட்ஜ் அறிக்கை ஒரு விதை, அமைச்சர் அனைரின் பெவனின் பிடிவாதம் இன்னொரு காரணம்.

இந்தியாவின் 1991 பொருளாதார மாற்றமும் அப்படியே. நரசிம்ம ராவ், மன்மோகன் சிங், முந்தைய ஆட்சிகளிலேயே திட்டங்களைத் தயாரித்து வைத்திருந்த அதிகாரிகள், கரைந்துபோன அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்று நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். ராவைப் பொறுத்தவரை இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அவர் கட்சி அவரை நெடுங்காலம் பெரிதாகக் கொண்டாடவில்லை. 2024-இல் பாரத ரத்னா கொடுத்தது எதிர்முகாமின் ஆட்சி. இறந்த தலைவரைப் பற்றிய புது மதிப்பீடு எதுவானாலும், அதனால் இன்று யாருக்கு லாபம் என்றும் பார்த்துவிட வேண்டும். 1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசாமல் ராவைப் புகழ்வதும், 1991-ஐப் பற்றிப் பேசாமல் அவரைத் தூற்றுவதும் இன்றைய அரசியலுக்கான பேச்சு.

பதவிக்குப் பிந்தைய வாழ்க்கையையும் மரணத்தையும் ஆட்சிக் கணக்கில் சேர்ப்பது இன்னொரு தவறு. கார்ட்டரின் 2002 நோபல் பரிசில் பெரும்பங்கு பதவிக்காலம் முடிந்த பிறகு செய்த பணிக்கு உரியது. அதிபர் கென்னடி கொல்லப்பட்டபோது குடிமை உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்தது, நிறைவேற்றியவர் ஜான்சன்.

கடைசியாக, தலைவரின் பெயரில் இயங்கும் நினைவகத்தை நடுநிலை ஆதாரமாக எடுத்துக்கொள்வது. கலிபோர்னியாவில் உள்ள நிக்சன் நூலகம் 2007 வரை தனியார் அறக்கட்டளையின் கையில் இருந்தது. அதிபர் நிக்சனைப் பதவியிழக்க வைத்த வாட்டர்கேட் விவகாரம் பற்றிய அதன் பழைய காட்சிக்கூடம் நிக்சன் தரப்பு நியாயத்தைத்தான் சொன்னது. அந்த ஆண்டு தேசிய ஆவணக்காப்பகம் பொறுப்பேற்றது. பழையதைக் கழற்றிவிட்டு, ஒலிநாடாக்களையும் நேர்காணல்களையும் கொண்டு புதிய கூடத்தை 2011-இல் திறந்தார்கள். நிக்சனின் பழைய சகாக்கள் கடுமையாக எதிர்த்தும் அது திறந்தது.