அரசியல்வாதிகளின் கல்லறைப் பட்டியல்: விண்ட்சர் கவுண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் விண்ட்சர் என்றொரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவு, இருக்கிறது. மலையும் பண்ணையும் சிற்றூர்களுமான கிராமப்புறம். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே 57 ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் ஒரு ஜனாதிபதி, ஒரு வெளியுறவு அமைச்சர், ஒரு தபால் துறைத் தலைவர் என்று பெரிய பதவிகளில் இருந்த பலர் இந்த மண்ணில் அடக்கமாகியிருக்கிறார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்கள், விக்கிப்பீடியாவுக்கு எழுதுபவர்கள், வரலாற்றுப் பயணம் போகிறவர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பட்டியல் போடுகிறார்கள். அவற்றில் வரும் பிழைகளில் பாதிக்கு மேல் ஒரே பழக்கத்திலிருந்து வருபவை என்பது என் எண்ணம். ஒருவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார் என்பதை வைத்து, அங்கேதான் புதைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வுட்ஸ்டாக் ஊரைப் பாருங்கள். ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் 1801-இல் அங்கே பிறந்தவர், வெர்மான்டின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர். காடுகளை அழித்தால் நிலம் என்னாகும் என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்த மனிதர். அவர் வளர்ந்த வீடு இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. கல்லறையும் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1861 முதல் இத்தாலியில் அமெரிக்கத் தூதராக இருந்த அவர் 1882-இல் அங்கேயே இறந்து, ரோம் நகரின் புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். வுட்ஸ்டாக்கின் ரிவர் ஸ்ட்ரீட் கல்லறையில் இருப்பவர் அவருடைய தந்தை சார்லஸ் மார்ஷ். அவரும் காங்கிரஸ் உறுப்பினர்தான், அதனால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. வில்லியம் எவர்ட்ஸ் பாஸ்டனில் பிறந்தார், நியூயார்க்கின் செனட்டராக இருந்தார், 1901-இல் நியூயார்க் நகரில் இறந்தார். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான 1868 பதவி நீக்க விசாரணையில் அவர் தரப்பில் வாதாடியவர், பிறகு ஜனாதிபதி ஹேஸ் ஆட்சியில் வெளியுறவு அமைச்சர். வெர்மான்ட் அரசியல்வாதிகளை மட்டும் தேடிக்கொண்டு போனால் இவர் கண்ணில் படவே மாட்டார். ஆனால் விண்ட்சரில் அவருக்குக் கோடைக்கால வீடு இருந்தது, கல்லறையும் அங்கேதான், அஸ்கட்னி கல்லறைத் தோட்டத்தில். அந்தப் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அஸ்கட்னி என்ற சிற்றூர் பக்கத்து வெதர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்தது, கல்லறைத் தோட்டமோ விண்ட்சர் ஊரில் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து ஊரை நிரப்பக் கூடாது.

ஊர்ப்பெயர் விஷயத்தில் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். விண்ட்சர் கவுண்டிக்குத் தெற்கே ஒட்டியிருப்பது விண்டம் கவுண்டி. அவசரத்தில் படித்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். விண்ட்சர் என்ற ஊர் இருந்தாலும் கவுண்டியின் தலைநகர் வுட்ஸ்டாக். போர்த் துறை அமைச்சராகவும் செனட்டராகவும் இருந்த ரெட்ஃபீல்டு ப்ராக்டர் இந்தக் கவுண்டியின் ப்ராக்டர்ஸ்வில்லில் பிறந்தவர். ஆனால் அடக்கமானது ரட்லண்ட் கவுண்டியின் ப்ராக்டர் ஊரில். பிளிமத் என்றதும் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புகழ்பெற்ற பிளிமத்தைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. வெர்மான்டின் பிளிமத்துக்கு 1797 வரை சால்டாஷ் என்று பெயர், பழைய ஆவணங்களை அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். கவுண்டியே 1781-இல்தான் உருவானது, அதற்கு முன்பு இந்தப் பகுதி கம்பர்லண்ட் கவுண்டியில் இருந்தது.

சரி, அந்த பிளிமத்துக்கே வருவோம். ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் 1933 ஜனவரி 5 அன்று மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் இறந்தார். இரண்டு நாள் கழித்து அங்கே இறுதிப் பிரார்த்தனை முடிந்து, பிறந்த ஊரான பிளிமத் நாட்ச்சின் மலைச்சரிவுக் கல்லறையில் அடக்கம் நடந்தது. இறந்த இடத்தை அடக்க இடமாக எழுதும் பிழை இவர் விஷயத்தில் எளிதில் நேரும். அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதுபோல இந்தக் குடும்பத்தில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜனாதிபதியின் முழுப்பெயர் ஜான் கால்வின் கூலிட்ஜ், தந்தையின் பெயரும் அதேதான். தாத்தா கால்வின் கலூஷா கூலிட்ஜ். 1924 ஜூலையில் பதினாறு வயதில் இரத்தத்தில் விஷம் பரவி இறந்த மகன் கால்வின் ஜூனியர். ஏழு தலைமுறைக் கூலிட்ஜ்கள் இருக்கும் அந்தத் தோட்டத்தில் பெயரை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் தப்பாகிவிடும். கல்லில் உள்ள பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் சரிபார்க்க வேண்டும். ஜனாதிபதியின் கல்லில் 1872 ஜூலை 4 என்ற தேதியும் மேலே ஜனாதிபதி முத்திரையும் இருக்கும். பெரிய மண்டபத்தைத் தேடிப் போகிறவர்கள் அந்த எளிய கருங்கல்லைத் தாண்டிப் போய்விடவும் கூடும்.

கூலிட்ஜின் தந்தையை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தரும் பிழை. வெர்மான்ட் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்தவர் அவர். அப்போதைய ஜனாதிபதி ஹார்டிங் இறந்த செய்தி வந்ததும் 1923 ஆகஸ்ட் 3 அதிகாலை 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரி என்ற முறையில், துணை ஜனாதிபதியாக இருந்த சொந்த மகனுக்கே ஜனாதிபதிப் பிரமாணம் செய்துவைத்தார். வாஷிங்டனுக்குப் போனவர்களை மட்டும் அரசியல்வாதி என்று எண்ணினால் இவரைப் போன்றவர்கள் காணாமல் போகிறார்கள். கிராமப்புறக் கவுண்டியின் அரசியலை நடத்தியதே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் ஊர் வரி வசூலிப்பவர்களும்தான்.

நினைவுச்சின்னத்தைக் கல்லறையாக எண்ணிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நாட்டின் தலைநகர் வாஷிங்டனின் காங்கிரஸ் கல்லறைத் தோட்டத்தில், பதவியில் இருக்கும்போதே இறந்த காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு வரிசையாக நினைவுக்கற்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றின் அடியில் யாருமில்லை. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு அங்கே கல் உண்டு, ஆனால் உடல் இருப்பது மாசசூசெட்ஸின் குவின்சியில். சிலையும் அப்படித்தான். தபால் துறைத் தலைவராக இருந்த ஜேக்கப் காலமரின் சிலை நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது. கல்லறை வுட்ஸ்டாக்கின் ரிவர் ஸ்ட்ரீட்டில்.

நேரில் போகிறவர்களுக்கு: எழுத்து தெரியவில்லையே என்று கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள், ஷேவிங் க்ரீம் பூசாதீர்கள். பழைய சலவைக்கல்லின் மேற்பரப்பு ஒருமுறை உதிர்ந்துவிட்டால் அந்த எழுத்து யாருக்கும் கிடைக்காது. காலை, மாலைச் சாய்வெயிலிலோ, பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து ஒளியைத் திருப்பியோ படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். குளிர்காலத்தில் பனி கற்களை மூடிவிடும், கோடையில் போங்கள். கூலிட்ஜின் பிறந்த நாளான ஜூலை 4 அன்று வெள்ளை மாளிகையின் மலர்வளையம் அங்கே வைக்கப்படுகிறது. கல்லை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், பக்கத்துக் கற்களோடு சேர்த்து ஒன்று, நுழைவாயில் பெயர்ப்பலகையோடு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊர் எழுத்தரின் அலுவலகத்தில் இறப்புப் பதிவைப் பார்த்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் பட்டியலில் எழுதி, எது எங்கிருந்து கிடைத்தது என்று குறித்து வையுங்கள்.