ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு: விமானத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி

கோயமுத்தூர்ப் பக்கம் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் படிப்பு) படிச்சுட்டு முதல்முதலா ஹேங்கருக்குள்ள, அதாவது விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கற கொட்டகைக்குள்ள போற தம்பி தங்கச்சிகளுக்கு எழுதறதுங்க. டார்க் வைக்கறது (போல்ட்டை அளந்த விசையில முறுக்கறது), லாக் வயர் போடறது (அது கழராம கம்பி கட்டறது) எல்லாம் காலேஜ்லயே பழகியிருப்பீங்க. ஒரே சாயல்ல இருக்கற ரெண்டுல நமக்கு வேண்டியது எதுன்னு உறுதி பண்ற வரிசை மட்டும் இங்க.

1. வண்டி அதுதானா?
டாஸ்க் கார்டுல (செய்ய வேண்டிய வேலை எழுதின சீட்டு) இருக்கற பதிவெண்ணும் வால்பக்கம் எழுதியிருக்கறதும் ஒண்ணான்னு வாய்விட்டுப் படிங்க. டீ குடிச்சுட்டு வந்தாலும், டூல் எடுத்துட்டு வந்தாலும் மறுபடி படிக்கோணும். 2013 மே 24 அன்னைக்கு லண்டன் ஹீத்ரோவுல ஒரு ஏர்பஸ் ஏ319 விமானம் கிளம்பும்போது ரெண்டு எஞ்சினோட ஃபேன் கவுல் கதவும் (எஞ்சினை மூடற வெளிக்கதவு) பிய்ச்சுட்டுப் போச்சு. முந்தின ராத்திரி கதவை லாட்ச் போடாம விட்டுட்டு எண்ணெய் ஊத்தற கருவி எடுக்கப் போன ரெண்டு பேர், திரும்பி வந்து நின்னது பக்கத்து விமானத்துகிட்ட. அங்க கதவு மூடியிருந்துச்சு. யாரோ மூடிட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க.

2. எந்தப் பக்கம்?
பைலட் சீட்டுல உக்காந்து முன்னாடி பார்த்தா இடது எதுவோ அதுதான் இடது. மூக்குக்கு எதிர்ல நின்னா 1-ஆம் எஞ்சின் உங்க வலது கைப்பக்கம் இருக்கும். அவ்வளவுதான்.

3. எஃபெக்டிவிட்டி
புதுசா வர்றவங்க அதிகமா முழிக்கறது இங்கதானுங்க. மேனுவல் ஒண்ணுதான், ஆனா ஒரே வேலைக்கு ரெண்டு மூணு விதமாப் போட்டிருப்பாங்க. எந்த எண்ணுள்ள விமானத்துக்கு எதுன்னு மேல ஒரு வரி இருக்கும், அதுதான் எஃபெக்டிவிட்டி. ஏர்பஸ் மேனுவல்ல அது பல இடத்துல எஃப்.எஸ்.என்., அதாவது அந்தக் கம்பெனி வரிசைப்படி மூணு இலக்க எண். விமானத்துத் தகட்டுல அடிச்சிருக்கறது எம்.எஸ்.என்., தயாரிச்ச இடத்து எண். ரெண்டையும் நேரா ஒப்பிட்டா எப்பவும் பொருந்தாது. மேனுவல் முன்பக்கத்து அட்டவணையில எம்.எஸ்.என்.னைத் தேடி, அதுக்கு நேரா இருக்கற எஃப்.எஸ்.என்.னை எடுங்க. முதல் பக்கம் பொருந்திருச்சுன்னு விட்டுடாதீங்க. நடுவுல ஒரு சின்ன ஸ்டெப்புக்கு மட்டும் தனி எஃபெக்டிவிட்டி வரும். அதுலதான் பசங்க வழுக்கறாங்க. டிராயர்ல கெடக்கற மேனுவலோட பழைய பிரின்ட்டைத் தொடவே தொடாதீங்க.

4. பார்ட் நம்பர்
சேலம் காமலாபுரத்துல எறங்கற ஏடிஆர் 72 விமானம் தெரியுமில்ல? அதே குடும்பத்துல சின்னது ஏடிஆர் 42. ரெண்டோட எரிபொருள் மீட்டரும் ஒரே ஓட்டையில உக்காரும், கனெக்டரும் சேரும். டேங்க் வடிவம் வேறங்கறதால கணக்குதான் வேற. 2005-ல ஒரு ஏடிஆர் 72-ல 42-ஓட மீட்டரை மாட்டிட்டாங்க. ரெண்டும் மாத்திக்கலாம்னு ஸ்டோர் கம்ப்யூட்டர்லயே தப்பாப் பதிஞ்சிருந்துச்சு. மறுநாள், ஆகஸ்ட் 6, டேங்க் காலியாகியும் மீட்டர் எரிபொருள் இருக்குன்னே காட்டுச்சு. சிசிலி பக்கத்துக் கடல்ல எறக்குனாங்க. 39 பேர்ல 16 பேர் இறந்துட்டாங்க. அதனால ஸ்டோர் திரையை மட்டும் நம்பாம, அந்த விமானத்துக்குரிய ஐ.பி.சி.யில (படத்தோட இருக்கற பார்ட் பட்டியல்) பார்ட் நம்பரை நடுவுல வர்ற கோடு, கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க.

பழசைக் கையில வச்சு ஒப்பிட்டுப் புதுசு எடுக்கற பழக்கமும் வேண்டாம். 1990-ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்துல காக்பிட் கண்ணாடி பறந்துச்சே, அதுல 90 போல்ட்டுல 84 விட்டம் கம்மி. கழட்டின பழைய போல்ட்டுகளே சரியான அளவு இல்ல. அதைப் பார்த்துத்தான் கண் அளவுல எடுத்திருக்காங்க.

நம்பர் படிக்க எனக்குப் பிடிச்சது கைப்பிடி வச்ச சின்ன இன்ஸ்பெக்ஷன் கண்ணாடியும் (முகம் பார்க்கற மாதிரி கண்ணாடி) பென் டார்ச்சும். போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கலாம், ஆனா மங்குன தகட்டுல 8-ம் 3-ம் ஒண்ணாத் தெரியும்.

பின்சேர்க்கை: ஹைட்ராலிக் எண்ணெயை நிறத்தை வச்சே கண்டுபிடிக்கலாமான்னு திருப்பூர்த் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ஸ்கைட்ரால், 5606-ன்னு ரெண்டு வகை ஹைட்ராலிக் எண்ணெய்: ஸ்கைட்ரால் ஊதா, 5606 சிவப்பு. மாத்தி ஊத்தினா சீல் கெட்டுப்போகும். ஆனா பழசானா நிறம் மாறும், டின்னு மேல இருக்கறதைப் படிங்க. திறந்து கெடக்கற ஸ்கைட்ரால் டின்னை ஒதுக்கிருங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்.