மவுஸ் இல்லாமல் பிரவுசர்: கை தடுமாறும் இடங்கள்

நவம்பர் பிறந்தால் டெல்டாவில் பொது சேவை மையம், பிரவுசிங் சென்டர் எல்லாம் சம்பா பயிர்க் காப்பீட்டுக் கூட்டம்தான். அடங்கல், சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக் என்று கத்தையோடு ஆட்கள் நிற்பார்கள். அந்த நெருக்கடியில் மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே ஓட்டுகிறவருக்கு வேலை சட்டென்று முடியும். பார்வையற்றவர்களுக்கும் மவுஸைப் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கும் இது வேகத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை, இதுதான் வழியே. ஆனால் இதே கீபோர்டுதான் திருவாரூர்க்காரரின் நிலத்தைத் திருவண்ணாமலையில் கொண்டுபோய் வைக்கவும் செய்யும்.

பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே காரணம், ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த கீயை அடிப்பது. டேப் கீயை அடிக்க அடிக்க ஒரு லிங்க்கையோ கட்டத்தையோ சுற்றி ஒரு கோடு தெரியுமே, அதுதான் ஃபோகஸ், அடுத்து அடிக்கிற கீ அங்கேதான் போய்ச் சேரும். சில தளங்களில் அழகு கெடுகிறது என்று அந்தக் கோட்டையே எடுத்துவிட்டிருப்பார்கள். அப்போது கண்ட்ரோல்-எல் அடித்து அட்ரஸ் பாருக்குப் போய், அங்கிருந்து டேப் அடித்து மறுபடி உள்ளே வரலாம். தாண்டிப் போய்விட்டால் ஷிப்ட்-டேப் பின்னால் கூட்டி வரும்.

அரிசி மில்லிலும் பாத்திரக் கடையிலும் டேலியில் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டேலியில் என்டர் அடித்தால் அடுத்த கட்டம். பிரவுசரில் ஒற்றை வரிக் கட்டத்துக்குள் என்டர் அடித்தால் பல படிவங்கள் அப்படியே சமர்ப்பிக்கப்பட்டுவிடும். பெயர் மட்டும் போட்ட படிவம் போய், சிவப்பு எழுத்தில் பத்துப் பிழையோடு திரும்பி வரும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக டேப் கீ மட்டும்தான். என்டரைக் கடைசி பட்டனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் அதிகம் மாட்டிக்கொள்வது மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுக்கும் இடத்தில். தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்த கட்டம் திரைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்தை நகர்த்துவதாக நினைத்துக் கீழ் அம்பை அடிக்கிறோம். ஃபோகஸ் இன்னும் மாவட்டப் பட்டியலில்தான் நிற்கிறது. தஞ்சாவூர் இருந்த இடத்தில் தேனியோ நீலகிரியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். சத்தமும் வராது, எச்சரிக்கையும் வராது. தேர்ந்தெடுத்த உடனே ஒரு டேப் அடித்து வெளியே வந்துவிடுவது நல்ல பழக்கம்.

விண்டோஸில், விரிக்காத பட்டியலின் மேல் அம்பை அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மாவட்டம் மாறும். மாறும்போதெல்லாம் தளம் அந்தந்த மாவட்டத்தின் வட்டங்களைக் கொண்டுவர ஓடும். கூட்ட நேரத்தில் அது சுற்றிச் சுற்றி நின்றே போகும். முதலில் ஆல்ட்-கீழ் அம்பு அடித்துப் பட்டியலை விரியுங்கள், வேண்டியதற்குப் போங்கள், பிறகு என்டர்.

அம்பை விட எழுத்தை அடிப்பது வேகம், ஆனால் தொடர்ந்து அடிக்க வேண்டும். ஆங்கிலப் பட்டியலில் ‘திரு’ வரைக்கும் அடித்து நிறுத்தினால் திருச்சிராப்பள்ளியோ திருவள்ளூரோதான் வரும். திருவாரூருக்கு அடுத்த எழுத்துகளையும் நிற்காமல் அடிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் யோசித்து நின்றால், அடுத்து அடிப்பதைப் புதுச் சொல்லின் முதல் எழுத்தாக எடுத்துக்கொண்டு வேறெங்கோ தாவிவிடும். ஒரு தளத்தில் திருவாரூர் ‘டிஎச்’ என்று தொடங்கும், இன்னொன்றில் வெறும் ‘டி’. இரண்டையும் முயன்று பாருங்கள். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல்தான். பழைய பட்டியல் வைத்திருக்கிற தளத்தில் சீர்காழியை நாகப்பட்டினத்தின் கீழ் தேட வேண்டியிருக்கும்.

விதைப்புத் தேதியிலும் கவனம் வேண்டும். காலண்டரைத் திறந்து நாள் நாளாக நகர வேண்டாம், எண்ணை நேரடியாக அடிக்கலாம். அதற்கு முன் கட்டத்தில் முதலில் நிற்பது நாளா மாதமா என்று பாருங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் அமைத்த கம்ப்யூட்டரில் மாதம் முன்னால் நிற்கும். நவம்பர் 5 என்று நினைத்து 05, 11 அடித்தால் மே 11 ஆகிவிடும். மே மாதம் சம்பா விதைத்ததாகச் சொன்னால் ஊரே சிரிக்கும்.

‘ஆண், பெண்’ போன்ற வட்டப் பொத்தான்களில் டேப் அடித்து இரண்டாவதைத் தேடாதீர்கள். அந்தத் தொகுப்பு முழுக்க டேப்புக்கு ஒரே நிறுத்தம். உள்ளே நகர அம்பு. சதுரக் கட்டத்தில் டிக் போட ஸ்பேஸ் பார். அவ்வளவுதான்.

மெனு முழுவதையும் டேப் அடித்தே கடப்பதும் வீண். கண்ட்ரோல்-எஃப் அடித்து லிங்க்கில் உள்ள சொல்லைத் தேடி, எஸ்கேப் அடித்தால் ஃபோகஸ் அந்த லிங்க்கிலேயே போய் நிற்கும், அப்புறம் என்டர். பக்கம் தமிழில் இருந்தால் தேடும் சொல்லும் தமிழில்தான் இருக்க வேண்டும். ‘பட்டா’ என்று எழுதிய பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்காது. கீபோர்டின் மொழியை மாற்ற விண்டோஸ்-ஸ்பேஸ்.

முன்பெல்லாம் ஃபோகஸ் எழுதும் கட்டத்துக்கு வெளியே இருக்கும்போது பேக்ஸ்பேஸ் அடித்தால் பழைய பக்கத்துக்குப் போய், நிரப்பியதெல்லாம் காலியாகும். குரோம் அதை 2016இல் எடுத்துவிட்டது. இப்போது அந்த வேலையைச் செய்வது ஆல்ட்-இடது அம்பு. ஒரு சொல் பின்னால் போக வேண்டுமானால் கண்ட்ரோல்-இடது அம்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் படிவம் காலி. கண்ட்ரோல்-டபிள்யூ அடித்து மூடிய பிரவுசர் டேப்பைக் கண்ட்ரோல்-ஷிப்ட்-டி திரும்பக் கொண்டுவரும், உள்ளே அடித்ததெல்லாம் அப்படியே இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். பணம் கட்டியபின் பக்கம் நின்றுபோனால் எஃப்5 அடிப்பதும் ஆபத்து. ‘மறுபடி அனுப்பவா’ என்று பிரவுசர் கேட்டால் எஸ்கேப் அடித்துவிட்டு, முதலில் பேங்க் எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் டேப்பை மட்டும் நம்பினால் லிங்க்கும் கட்டமும் பட்டனும்தான் காதில் விழும். ‘ஃபைல் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும்’ என்று நடுவில் எழுதியிருக்கும் குறிப்பு தப்பிப் போகும். முதல் தடவை கீழ் அம்பால் பக்கம் முழுவதையும் கேட்டுவிடுவது நல்லது. தலைப்புக்குத் தலைப்பு தாவ எச் கீ. அது தாவாமல் பெயர்க் கட்டத்தில் எச் என்ற எழுத்தாகவே விழுந்தால் எழுதும் நிலையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்சர்ட்-ஸ்பேஸ் அடித்தால் படிக்கும் நிலைக்குத் திரும்பிவிடும்.